லாரி எஞ்சினின் பெல்ட்டும் அதனை வீட்டு முற்றத்தில் மாற்றும் முறையும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் லாரியைப் பற்றிக் கட்டுரையா எனப் புருவம் உயர்த்துவோர் இருக்கலாம். நம் கல்லூரி வகுப்பறைகளில் லாரி ஓட்டுநரின் மக்களும், ஒற்றை லாரியை வைத்துக் குடும்பம் நடத்தும் சிறு உடைமையாளரின் மக்களும் ஒவ்வோர் ஆண்டும் வந்து அமர்கின்றனர். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் வாழையும் திராட்சையும் காய்கறியும் குமுளி மலைப்பாதை ஏறிக் கேரளத்துச் சந்தைகளைச் சென்றடைவது இத்தகையோரின் உழைப்பால்தான். அந்த லாரிகளின் எஞ்சின் முகப்பில் ஓயாது சுழலும் ஒரு ரப்பர் வளையத்தைப் பற்றியும், அதனைப் பட்டறைக்குச் செல்லாமல் வீட்டு முற்றத்திலேயே மாற்றிக்கொள்ளும் முறை பற்றியும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பொறிகளின் அமைப்பைச் சொற்களில் வடித்துக் காட்டுவது இஸ்லாமிய அறிவு மரபுக்குப் புதியதன்று. தியார்பக்ர் நகரில் அர்துக்கிய மன்னரின் அவையில் பணிபுரிந்த அல்-ஜஸரீ, நீரிறைக்கும் பொறிகளையும் நீர்க்கடிகாரங்களையும் பற்றித் தாம் எழுதிய நூலை 1206-ஆம் ஆண்டு நிறைவு செய்தார். பொறியின் பயனைப் புகழ்வதோடு அமையாமல், உறுப்புகளின் அளவு, செய்பொருள், பூட்டும் வரிசை ஆகியவற்றை ஒரு கைவினைஞர் படித்து அவ்வாறே செய்யத்தக்க வகையில் அவர் எழுதியது அந்நூலின் தனிச்சிறப்பாகும். இரும்பைப் பதப்படுத்திக் கவசம் செய்த நபி தாவூத் (அலை) அவர்களின் கைத்தொழிலைத் திருக்குர்ஆன் எடுத்துரைப்பதையும் ஈண்டு நினைவு கூரலாம். கையில் மசகு படிவதை இழிவாகக் கருதும் மனப்போக்கு நம் மாணவரிடையே எங்கிருந்து வந்து புகுந்ததோ அறியேன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெல்ட்டை ‘வார்’ என்றும் புல்லியைக் ‘கப்பி’ என்றும் எழுதலாம். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே. கிணற்றடியில் கப்பியைக் காணாதார் யார்? ஆயினும், உதிரிப்பாகக் கடையின் முன் நின்று வார் வேண்டும் என்று கேட்பவருக்குச் செருப்புக் கடைக்கே வழி காட்டுவர். எனவே பட்டறையில் வழங்கும் சொற்களையே பெரிதும் ஆள்கின்றேன். தமிழ்ப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

பெல்ட்டின் பணி

எஞ்சினின் கிராங்க் தண்டு சுழலும்போது அதன் முன்முனையில் பொருத்தப்பட்ட புல்லியும் உடன் சுழல்கிறது. அப்புல்லியின் சுழற்சியை வேறு உறுப்புகளுக்குக் கொண்டு செல்வதே பெல்ட்டின் பணி. பழைய லாரிகள் பலவற்றில் ஒரே பெல்ட், அல்லது இணையாக ஓடும் இரண்டு பெல்ட்டுகள், வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துச் சுழற்றும். ஃபேனும் வாட்டர் பம்பின் தண்டிலேயே அமைந்திருக்கும். ஆல்டர்னேட்டரை நம் ஓட்டுநர்கள் இன்றளவும் ‘டைனமோ’ என்றே குறிப்பிடுகின்றனர். ஆக, எஞ்சினைச் சுற்றிவரும் நீர், அந்நீரைக் குளிர்விக்கும் காற்று, மின்கலத்துக்குச் செல்லும் மின்சாரம் ஆகிய மூன்றும் இந்த ஒற்றை ரப்பர் வளையத்தை நம்பியுள்ளன. சிறுரக டீசல் வண்டிகள் சிலவற்றில், பிரேக்குக்குத் துணைபுரியும் வேக்குவம் பம்பும் ஆல்டர்னேட்டரின் தண்டோடு இணைந்திருக்கும். அத்தகைய வண்டியில் பெல்ட் அறுந்தால் பிரேக் மிதி கல்லைப் போல இறுகிவிடும். மலைப்பாதையில் இதன் பொருள் யாதென விளக்க வேண்டுவதில்லை.

முற்காலத்து அரிசி ஆலைகளில் எண்ணெய் எஞ்சினுக்கும் அரவைப் பொறிக்கும் இடையே நீண்ட தட்டையான பெல்ட் ஓடுவதை முதியோர் கண்டிருப்பர். தட்டையான பெல்ட் தன் அடிப்பரப்பால் புல்லியைப் பற்றுவது. வழுக்கினால் பிசின் போன்ற பொருளைத் தேய்த்துப் பிடிப்பு உண்டாக்குவர். லாரியில் உள்ளது வேறு வகை. அதன் குறுக்கு வெட்டு மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். ஆங்கில ‘வி’ எழுத்தின் வடிவை ஒத்திருப்பதால் இதற்கு வி-பெல்ட் என்று பெயர். ரப்பரால் ஆன இவ்வகைப் பெல்ட்டை 1917-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பார் உருவாக்கினார். நம் மதுரையிலும் ஃபென்னர் தொழிற்சாலையில் வி-பெல்ட்டுகள் செய்யப்பெறுகின்றன.

விறகில் அறைந்த ஆப்பை நினைத்துக்கொண்டால் இதன் இயக்கம் எளிதில் விளங்கும். பெல்ட் தன் இரு பக்கங்களாலேயே புல்லியின் பள்ளத்தைப் பற்றுகிறது. இழுவிசை கூடக்கூட ஆப்புப்போல் உள்ளே இறுகிப் பிடிப்பும் கூடுகிறது. அடிப்பகுதி பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. பக்கங்கள் தேய்ந்து பெல்ட் கீழே இறங்கி, அடிப்பகுதி தரையைத் தொட்டுவிட்டால், ஆப்பு தன் ஆற்றலை இழந்ததாகிவிடும். அதன்பின் அதனை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

ஓர் இழப்பு

1987-இல் எங்கள் குடும்பத்திற்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னால்தான் இச்சிறு பொருளுக்காக இத்துணைப் பக்கங்களை ஏன் எடுத்துக்கொண்டேன் என்பது புலப்படும். அத்தாவுக்குச் சொந்தமாக ஒரு பழைய லாரி இருந்தது. அண்ணன் ஓட்டுவார். ஒரு வார காலமாகவே காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் முன்புறம் கீச்சென்று கத்தும். சிறிது நேரத்தில் அடங்கிவிடும். யாரோ சொன்னதைக் கேட்டு அண்ணன் சலவைச் சோப்புத் துண்டு ஒன்றைப் பெல்ட்டின் பக்கவாட்டில் தேய்த்தார். சத்தம் நின்றது. எல்லோரும் அதனை மறந்தோம்.

மறுநாள் தக்காளிப் பாரத்தோடு குமுளி ஏற்றத்தில் பாதி வழியில் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிந்தது. “பகல்தானே, லைட் போட வேண்டியதில்லை, மேலே போய்ப் பாத்துக்கலாம்” என்று அண்ணன் மேலும் சில வளைவுகள் ஏறியிருக்கிறார். பிழை அங்கேதான் நேர்ந்தது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டே வாட்டர் பம்பையும் சுழற்றுவதால், அந்தச் சிவப்பு விளக்கு மின்கலத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. எஞ்சினுக்குள் நீரோட்டம் நின்றுவிட்டது என்னும் செய்தியும் அதில் அடங்கியிருந்தது. அடுத்த வளைவில் ரேடியேட்டரிலிருந்து ஆவி பீறிட்டது. பதற்றத்தில் கிளீனர் பையன் ஓடைநீரைக் குடத்தில் மொண்டு வந்து கொதிக்கும் எஞ்சினில் ஊற்றினான். சூடேறிய வார்ப்பிரும்பு குளிர்நீர் பட்டால் தாங்காது. சிலிண்டர் ஹெட் வெடித்துவிட்டது.

சரக்கு மறுநாள்தான் வேறு லாரிக்கு மாற்றப்பட்டது. அதற்குள் பாதி அழுகிப் போயிற்று. ‘நம்மை நம்பி ஒப்படைச்ச அமானத்து’ என்று கூறி, வியாபாரி கேட்பதற்கு முன்பே அத்தா அவரது இழப்பை ஈடு செய்தார். லாரி 23 நாள் பட்டறையில் கிடந்தது. ஹெட்டைக் கழற்றிய முதிய மெக்கானிக் ஒருவர் அண்ணனைப் பார்த்து, “பெல்ட் ஒரு வாரமாக் கத்தியிருக்குமே தம்பி, யாரும் கேக்கலையா?” என்றார். அண்ணன் வாய் திறக்கவில்லை. அந்த லாரியின் பெல்ட்டைக் கழற்றவும் மாட்டவும் எங்கள் இருவருக்கும் அம்முதியவரே பின்னர்க் கற்றுக்கொடுத்தார். இனி வரும் பகுதி பெரும்பாலும் அவரிடம் கற்றதே.

அறிகுறிகள்

பெல்ட் திடீரென்று அறுவது அரிது. கீச்சொலி என்பது அது பள்ளத்தில் வழுக்குகிறது என்பதன் அறிவிப்பு. குளிர்ந்த காலையிலும், மழைநீர் பட்டபோதும், விளக்குகளை எல்லாம் ஏற்றி ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடும்போதும் இவ்வொலி மிகும். வழுக்கலால் வெப்பமும், வெப்பத்தால் பக்கங்களில் கண்ணாடி போன்ற பளபளப்பும் உண்டாகும். பளபளத்த பக்கம் மேலும் வழுக்கும். சோப்பு ஒலியை மட்டுமே அடக்குகிறது. வழுக்கல் உள்ளே தொடர்கிறது.

எஞ்சின் நின்றிருக்கும்போது பெல்ட்டை விரல்களால் சற்றே திருப்பி அதன் அடிப்புறத்தையும் பக்கங்களையும் பார்க்க வேண்டும். வெளிமுதுகு மட்டும் பார்த்து நன்றாக உள்ளது என்று முடிவு செய்வோர் பலர். முதுகு கடைசிவரை நன்றாகத்தான் இருக்கும். அடியில் குறுக்காக வெடிப்புகள், ஓரத்தில் நூல் பிரிதல், பக்கத்தில் பளபளப்பு, எண்ணெய் ஊறி உப்பியிருத்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மாற்ற வேண்டியதே. எண்ணெய் ஊறியிருந்தால் ஒழுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டு சரிசெய்தல் வேண்டும். இல்லையேல் புதிய பெல்ட்டும் அதே கதியை அடையும்.

புதிய பெல்ட்டைத் தேர்தல்

பெல்ட்டின் முதுகில் அதன் அளவு அச்சிடப்பட்டிருக்கும். 13 × 1000 என்றிருந்தால் மேல்விளிம்பின் அகலம் 13 மி.மீ., நீளம் 1000 மி.மீ. என்று கொள்க. அந்நீளம் வெளிச்சுற்றில் அளந்ததா உட்சுற்றில் அளந்ததா என்பதைக் குறிக்கும் எழுத்தும் உடன் இருக்கும். அதனையும் ஒப்பிட்டே வாங்க வேண்டும். பழைய பெல்ட்டைக் கயிற்றால் அளந்து சென்று வாங்குவது பிழைக்கு இடமாகும், பழையது நீண்டிருக்கக்கூடும் ஆதலின். எழுத்து அழிந்திருந்தால் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணே துணை. இரண்டு பெல்ட் இணையாக ஓடும் வண்டியில் ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீண்டு தளர்ந்த பழையது வெறுமனே ஓட, சுமை முழுவதையும் புதியது ஒன்றே தாங்கி விரைவில் அழியும். சிக்கனம் கருதி ஒன்றை மட்டும் வாங்குவோர் சில மாதத்தில் மீண்டும் கடைக்கு வருவர்.

மாற்றும் முறை

சமதரையில் லாரியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சாவியைக் கழற்றி நம் பையிலேயே வைத்துக்கொள்வது நன்று. நாம் உள்ளே கைவைத்திருக்கும்போது வேறொருவர் எஞ்சினைக் கிளப்பி விரலை இழந்தோர் கதைகள் பட்டறைகளில் உண்டு. எஞ்சின் நன்கு ஆறியிருக்க வேண்டும். மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுக. சாவி இல்லாதபோதும் ஆல்டர்னேட்டரின் பின்புற முனையில் மின்னோட்டம் இருந்துகொண்டே இருக்கும். ஸ்பானர் தவறி அங்கே பட்டால் பொறி பறக்கும். தோளில் துண்டும் தளர்ந்த கைலியுமாக ஓடும் எஞ்சினின் முன் குனிதல் அறவே ஆகாது.

பெல்ட் எவ்வெப்புல்லியின் மீது எவ்வாறு செல்கிறது என்பதை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொண்டபின் கழற்றத் தொடங்கலாம். ஆல்டர்னேட்டர் இரண்டிடங்களில் பிடிக்கப்பட்டிருக்கும். கீழே அது அசைவதற்குரிய நீண்ட போல்ட்டு; மேலே வளைந்த பட்டைத் தகட்டின் நீள்துளையில் ஓடும் போல்ட்டு. இரண்டையும் தளர்த்தினால் போதும். முழுவதும் கழற்ற வேண்டியதில்லை. ஆல்டர்னேட்டரை எஞ்சின் பக்கமாகத் தள்ளினால் பெல்ட் தொய்ந்துவிடும். அதனை ஆல்டர்னேட்டர் புல்லியிலிருந்து நீக்கி, பின் ஏனைய புல்லிகளிலிருந்து விடுவித்து, ஃபேனின் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தாண்டச் செய்து வெளியே எடுக்கலாம். முன்புறம் வேறு பெல்ட்டுகள் இருந்தால் அவற்றை முதலில் எடுக்க நேரும்.

பெல்ட் இல்லாத இந்நிலையே மற்ற உறுப்புகளைச் சோதிப்பதற்கு ஏற்ற வேளை. பலர் இதனைச் செய்வதில்லை. வாட்டர் பம்பின் புல்லியைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கரகரப்போ மேலும் கீழுமான ஆட்டமோ இருந்தால் பேரிங் தேய்ந்துள்ளது. பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் நீர் கசிந்த கறை தெரிந்தால் உள்ளிருக்கும் சீல் கெட்டுள்ளது. ஆல்டர்னேட்டரையும் அவ்வாறே சுழற்றிக் காதால் கேட்க வேண்டும். புல்லியின் பள்ளங்களைத் துணியால் துடைத்து, பக்கச் சுவர்கள் குழிந்து தேய்ந்துள்ளனவா என விரலால் தடவிப் பார்க்கலாம். ஒரு நேரான கம்பியையோ இழுத்துப் பிடித்த நூலையோ புல்லிகளின் முகத்தில் வைத்தால் அவை ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்பது தெரியும். கோணியிருந்தால் பெல்ட் ஒரு பக்கம் மட்டும் அரைபடும்.

புதிய பெல்ட்டை மாட்டும்போது கைவலிமையும் ஸ்க்ரூ டிரைவரும் துணைக்கு வருமென்று எண்ணற்க. புல்லியின் விளிம்பின் மீது பெல்ட்டை வைத்து நெம்பி ஏற்றுவது பட்டறைகளில் அன்றாடம் காணும் காட்சி. அவ்வாறு நெம்பும்போது இழுவிசையைத் தாங்கும் உள்நூல்கள் அறுபடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு மாதத்தில் பெல்ட் அறுந்ததும் கடைக்காரரைத் திட்டுவோம். ஆல்டர்னேட்டரை உள்நோக்கி முழுவதும் தள்ளினால் சரியான அளவுள்ள பெல்ட் கையாலேயே ஏறிவிடும். ஏறவில்லையெனில் அளவு தவறு என்று அறிக.

இறுக்கத்தின் அளவு

பெல்ட் மாற்றும் வேலையில் முக்கியமானது இறுக்கமே. கழற்றுவதும் மாட்டுவதும் எவருக்கும் வரும். இறுக்கம் பார்ப்பது பழகினால்தான் வரும். ஆல்டர்னேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு லீவரையோ கட்டையையோ கொடுத்து வெளிநோக்கி அழுத்த வேண்டும். அழுத்தம் புல்லிக்கு அடுத்துள்ள முன்பக்கத் தாங்கியில் விழ வேண்டும். பின்பகுதியில் விழுந்தால் ஆல்டர்னேட்டரின் உடல் வெடித்துவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு மேல் போல்ட்டையும், பின் கீழ்ப் போல்ட்டையும் இறுக்குக.

பிறகு இரு புல்லிகளுக்கு இடையே பெல்ட் மிக நீளமாகச் செல்லும் பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பொதுவாக 10 முதல் 15 மி.மீ. வரை உள்ளே செல்லலாம். குறிப்பிட்ட வண்டிக்குக் கையேடு வேறு அளவு கூறினால் அதுவே கொள்ளத்தக்கது. இதைவிட மிகுதியாகத் தொய்ந்தால் வழுக்கும். தொய்வே இல்லாமல் வீணைத் தந்தி போல் இறுக்குவதும் பெருந்தவறு. பேரிங்குகளின் மீது ஓயாத பக்கவிசை விழுந்து, வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டரும் விரைவில் கெடும். நான் முதன்முறை மாற்றியபோது அறுந்துவிடுமோ என்னும் அச்சத்தால் அளவுக்கு மீறி இறுக்கினேன். முதியவர் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, “பம்புக்கு வேறயா செலவு வைக்கப் போறே?” என்று கேட்டுத் தாமே தளர்த்திக் காட்டினார்.

மின்கலக் கம்பியை மீண்டும் பூட்டி, உள்ளே ஸ்பானரோ துணியோ விட்டுவிடவில்லை என்று பார்த்து, எஞ்சினைக் கிளப்பலாம். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி இறுக்கத்தை மீண்டும் பார்க்க வேண்டும். புதிய பெல்ட் பள்ளத்தில் அமர்ந்து சற்றே தொய்ந்திருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னுமொரு முறை பார்த்தாக வேண்டும். இந்த இரண்டாம் சோதனையை விட்டுவிடுவதாலேயே புதிய பெல்ட்டுகள் பல வீணாகின்றன.

இக்காலத்து வண்டிகள்

2020 ஏப்ரல் முதல் நாட்டில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 மாசு விதிகளுக்கு ஏற்ப அமைந்த எஞ்சின்களில் பெரும்பாலும் பல வரிகள் கொண்ட அகன்ற பெல்ட்டே காணப்படுகிறது. ஒரே பெல்ட் பல புல்லிகளைப் பாம்பு போல் வளைந்து சுற்றிவரும். அதனை இறுக்கமாக வைத்திருப்பது சுருள்வில் அமைந்த டென்ஷனர். இங்கே விரலால் இறுக்கம் பார்க்கும் வேலை இல்லை. உரிய ஸ்பானரால் டென்ஷனரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பெல்ட்டைக் கழற்ற வேண்டும்; சட்டென்று கையை விட்டால் வில் திருப்பியடிக்கும். பாதையை வரைந்துகொள்ளாமல் கழற்றியவர் மாட்டும்போது படும் பாட்டைச் சொல்லி முடியாது. இப்பெல்ட்டுகளில் இப்போது பயன்படும் ரப்பர் பழையதைப் போல் வெடிப்பு விடாமல், டயரைப் போலத் தேய்வது. ஆகவே வெடிப்பு இல்லை என்பது மட்டும் நல்ல நிலைக்குச் சான்றாகாது. வரிகளின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சினுக்குள் மறைந்து வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் சில வண்டிகளில் உண்டு. அது வேறு, முற்றத்து வேலைக்கு உரியதன்று.

வழியில் பெல்ட் அறுந்தால் சிவப்பு விளக்கைக் கண்டவுடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கலாகாது. வெப்பமானியின் முள் இறங்கிவிட்டதே என்று ஏமாறவும் வேண்டா. நீர் முழுவதும் வெளியேறிவிட்டால் அம்முள் பொய் காட்டும். எஞ்சின் கை வைக்கும் அளவுக்கு ஆறியபின் நீரைச் சிறுகச் சிறுக ஊற்றலாம். அதற்குள் பெல்ட்டையும் மாற்றிவிடலாம், ஓட்டுநர் இருக்கையின் பின்னால் ஒரு புதிய பெல்ட்டும் இரண்டு ஸ்பானர்களும் இருக்குமாயின்.

1987-இல் அறுந்த பெல்ட்டை அத்தா எறியவில்லை. முற்றத்து வேப்பமரத்தில் ஆணி அடித்து மாட்டி வைத்திருந்தார். புதிதாகக் கிளீனர் வேலைக்கு வரும் பையன்களை முதல் நாளிலேயே அங்கே அழைத்துச் சென்று, அதன் பளபளத்த பக்கத்தில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்வார். அதன் பிறகுதான் அவர்களுக்குத் தேநீர் வரும்.